அகரவரிசையில் ஒரு கண்ணாடி வண்டி

வண்டி கிளம்புவதற்கு முன் சித்தி ஒரு சின்னக் காரியம் செய்வாள். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மூடியைக் கழற்றி, சூடான பாலை ஆற்றுவதுபோல் அதன் வாயில் மெல்ல ஊதுவாள். சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைப்பாள். செருகுவாள். இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும், கை பிரேக்கின் மேல் இருக்கும், ஆனாலும் வண்டி நகராது. முன்னிசை முடிந்து, பாடுகிறவர் மூச்சை இழுத்து, முதல் எழுத்து வெளியே வர வேண்டும். அந்த ‘அ’ காதில் விழுந்த பிறகுதான் கைப்பிரேக் இறங்கும். பின்னால் நிற்கிற லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தாலும் சரி, காவலாளி கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கொட்டாவி விட்டாலும் சரி, ‘அ’ வராமல் சித்தி அசைய மாட்டாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் வேன் ஓட்டுகிறாள். எங்கள் வீட்டிலேயே, மாடி அறையில் இருந்தாள். அவள் மறந்துவிட்டுப் போகிற சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற காலைகளில், தொழிற்சாலை வாசலில் நின்று இந்த ஊதலையும் துடைப்பையும் பார்த்திருக்கிறேன். அவள் வேண்டுமென்றேதான் பெட்டியை மறக்கிறாள் என்பது அம்மாவின் கட்சி. புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிற என்னை வெளியே இழுக்க அதைவிட நல்ல வழி இல்லையாம்.

வண்டிக்குள் ஜன்னல் கண்ணாடித் தகடுகள் சாய்ந்த சட்டங்களில் நின்றபடி பயணம் செய்யும். நடுவில் கம்பளித் துண்டுகள், சுற்றிலும் கயிறு. படுக்கவைத்தால் தன் பாரத்தாலேயே விரிசல் விடுமாம். திடீரென்று பிரேக் போடக் கூடாது, வளைவில் அவசரம் கூடாது. ஆகவே, சித்தி சொல்வதுபோல, பாட்டிலும் அவசரம் கூடாது. மேளம் தடதடக்கிற பாட்டு போட்டால் தகடுகள் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். புல்லாங்குழலில் ஆரம்பித்து, அவசரமில்லாமல் சொல்லுக்கு வந்து சேர்கிற பாட்டுகள்தான் போகும்போது. அதிலும் சில பாடகிகளின் குரல் உச்சிக்கு ஏறும்போது பின்னாலிருந்து தகடுகள் ‘ம்ம்’ என்று கூடவே முனகும். “கண்ணாடிக்குப் பிடிச்சிருக்கு” என்பாள் சித்தி. கண்ணாடிக்குப் பிடித்த பாட்டுகள், பிடிக்காத பாட்டுகள் என்று அவளிடம் தனிப் பிரிவே உண்டு.

திரும்பி வரும்போது வண்டி காலி. அதற்கு வேறொரு பென்டிரைவ், சிவப்பு. அதில் மேளம் இல்லாத பாட்டே கிடையாது. வெறும் சட்டங்களும் சேர்ந்து ஆடும். போகும்போது பரீட்சை அறை மேற்பார்வையாளர், வரும்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை.

இனி எழுத்துகளின் கதை. வண்டியில் இருந்த பழைய டேப் உயிரை விட்டபோது, மெக்கானிக் மலிவான ஒரு பாட்டுப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தார். அதில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் பட்டன் அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வராது, வேலையும் செய்யாது. சித்தி என்னிடம் ஒரு பென்டிரைவை நீட்டி, போகிற வழிக்குப் பாட்டு நிரப்பித் தரச் சொன்னாள். “உன் கவிதையெல்லாம் சேத்துடாதே, எனக்குத் தூக்கம் வந்துடும்.” அவளுக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் தமிழில் தட்டச்சு செய்து பெயராக வைத்தேன். எனக்கு அது பிடித்த வேலை. வேறு யாராவது செய்திருந்தால் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள், இந்தக் கதையும் இருந்திருக்காது.

பெட்டிக்குத் தெரிந்தது பெயர் வரிசை ஒன்றுதான். முதல் நாள் சாயங்காலம் சித்தி வந்து கைகால் கழுவுவதற்கு முன்பே என் அறை வாசலில் நின்றாள்.

“என்னடா இது, மறுபடி ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுட்டே? அ முடிஞ்சா ஆ, ஆ முடிஞ்சா இ. எப்படா ‘க’ வரும்னு ஆயிடுச்சு.”

மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. நாளைக்குத் தருவதாகச் சொன்னாள். அந்த நாளை வரவேயில்லை. வாரக் கடைசியில் நானாகக் கேட்டபோது, அதில் கையை வைத்தால் கை இருக்காது என்றாள்.

நடந்தது இதுதான். தினமும் ஒரே பாதை, ஒரே நிதானம், ஒரே வரிசை. ஆகவே தினமும் அதே இடத்தில் அதே எழுத்து. அகரத்தில் நகரத்துச் சிக்னல்கள். ‘இ’யில் மார்க்கெட் தெரு. கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் குண்டும் குழியுமான பாதை முழுக்க ‘எ’. அங்கே ‘என்’, ‘எனக்கு’, ‘எந்தன்’ என்று ஆளாளுக்குத் தன்னைப் பற்றியே பாடுவார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும் என்பாள் சித்தி. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை, அது முழுக்க ‘க’. கண், கனவு, காற்று, காதல், எல்லாரும் அங்கேதான். சாலையும் முடியாது, எழுத்தும் முடியாது. மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் ‘ஞ’, ஒரே ஒரு பாட்டு. வெளிச்சத்துக்கு வரும்போது அது முடிந்திருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ‘ந’ வரும்போது உச்சி வெயில். அதில் வரிசையாக நிலாப் பாட்டுகள். “ரோடு தார் உருகுது, இவங்க நிலா நிலாங்கறாங்க. சிரிக்காம ஒரு நாளும் தாண்டினதில்லக்கா.” துறைமுக வாசலில் காவலர் எட்டிப் பார்த்து “யாரு?” என்று கேட்கிறபோது உள்ளே பெட்டியும் ‘யா’வில் இருக்கும். கடைசியில் ‘வ’. சரக்கு இறக்கும் முற்றம்.

வழியில் உயிரெழுத்துகளில் ஒன்றுக்கு மட்டும் பாட்டில்லை. ஔ. நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சித்தி அதற்கு வருத்தப்பட்டாள். வரிசையில் ஒரு எழுத்தை மட்டும் விட்டுவிட்டுப் போவது நன்றாகவா இருக்கிறது என்றாள். ‘ஓ’ முடிகிற இடம் ஒரு ஏரிக்கரை. குழிச்சாலை ஆட்டிய ஆட்டத்தில் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, அங்கே எப்படியும் வண்டியை நிறுத்த வேண்டும். ஆகவே ஏரிக்கரைக்கு ஔ என்று பெயர் வைத்தாள். கவிதையில் இரண்டு வரிகளுக்கு நடுவே விடுகிற வெற்றிடம் எனக்கு எப்படியோ, அப்படி அந்த இடம் அவளுக்கு. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கயிறு பார்க்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

வீட்டில் ஊர்ப் பெயர்கள் வழக்கொழிந்தன. அம்மா போனில் “எங்கடி இருக்கே?” என்பாள். “‘சி’யில இருக்கேன்க்கா” என்று பதில் வரும். ஒருமுறை பக்கத்து வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, உங்கள் தங்கை இந்த வயதில் படிக்கப் போகிறாளா என்று மரியாதையோடு விசாரித்தார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். தங்கை தனியாகப் போகிறாள், தனியாக வருகிறாள், தனியாகவே இருந்துவிடுவாளோ என்பது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே கேட்டார்கள்: கல்யாணத்துக்குப் பிறகும் வண்டி ஓட்டுவீர்களா? ஒரே ஒருவர் மட்டும் பெரிய மனதோடு, ஓட்டட்டும், லீவு நாளில் நானும் கூட உட்கார்ந்து வருகிறேன் என்றார். சித்தி அவரைக் கண்டுதான் அதிகம் பயந்தாள்.

“பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா, பாட்டுல பாதி அவர் காதுக்குள்ள போயிடும்டா” என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் வண்டிகளை அனுப்பிவைக்கிற பிரிவில் ஒருவர் இருந்தார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘எங்கவந்தாச்சு’. காலையில் எல்லா வண்டிக்கும் போன் செய்து அதைத்தான் கேட்பார். ஆனால் பெயருக்குக் காரணம் அது மட்டுமில்லை. அந்த மனிதர் யாரையும் நீ என்றும் சொல்ல மாட்டார், நீங்கள் என்றும் சொல்ல மாட்டார். கிளம்பியாச்சா, சாப்பிட்டாச்சா, எங்க வந்தாச்சு. பெரியவரானாலும் சின்னவரானாலும் ஆளே இல்லாத வாக்கியம்தான். ஒருமையில் அழைத்தால் கோபிப்பார்களோ, பன்மையில் அழைத்தால் கேலி செய்வார்களோ என்கிற கூச்சம். கூச்ச சுபாவக்காரர்களின் இலக்கணம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரு நாள், முன்னால் போன டிராக்டர் வழிவிடாத எரிச்சலில் இருந்தபோது அவருடைய போன் வந்தது. சித்தி யோசிக்காமல் “‘கா’வுல இருக்கேன் சார்” என்றாள். அவர் தயங்கித் தயங்கி, “அது எந்த மாவட்டம்?” என்று கேட்டார். அன்று துறைமுகம் வரை சிரித்துக்கொண்டே போனாளாம். மறுநாள் விளக்கம் சொன்னாள். அதற்கடுத்த நாள் அவர் போன் செய்து, “‘க’ முடிஞ்சு ‘ச’ வந்தாச்சா?” என்றார்.

அதிலிருந்து சாயங்காலச் சமையலறையில் தினமும் நாடகம் நடந்தது. அவர் குரலையும் சித்தியே பேசிக்காட்டுவாள், தொண்டையைச் செருமி, கழுத்தை உள்ளிழுத்து. ‘எ’வில் புலம்பல் முடிந்துவிட்டதா என்று கேட்டாராம். உச்சி வெயிலில் நிலா எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நான் அடுத்த அறையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா ஒரு தடவை, சும்மா கேட்கிற மாதிரி, அவருக்குக் கல்யாணமாகிவிட்டதா என்றாள்.

“எவருக்கு?”

“உன் சாருக்குத்தான்.”

“ஆகலைன்னு நினைக்கிறேன். எனக்கெதுக்குக்கா அதெல்லாம்?” என்ற சித்தி, தண்ணீர் நிறைந்த சொம்பில் மேலும் தண்ணீர் ஊற்றினாள்.

அப்போதுதான் தொழிற்சாலையில் எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ். மாட்டினார்கள். அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு வண்டியும் ஒரு பச்சைப் புள்ளி. இனிமேல் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நியாயமான உத்தரவுதான். எங்க வந்தாச்சு என்று கேட்க இனி ஆள் தேவையில்லை.

முதல் நாள் போன் வரவில்லை. சித்தி வீட்டுக்கு வந்து, தொல்லை விட்டது என்றாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அந்த வாரம் திரும்பி வரும்போது சிவப்பு பென்டிரைவைப் போடவில்லையாம். கேட்டால், மறந்துவிட்டது என்றாள். வெறும் சட்டங்கள் மட்டும் கடகடவென்று ஆடும் வண்டியில் அவள் எப்படி வந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“‘க’ ரொம்ப நீளமா இருக்குக்கா.”

மறுநாள் அம்மா என்னிடம் வந்து, அதே பாட்டுகள் அதே வரிசையில், ஒரு எழுத்து மாறாமல், இன்னொரு பென்டிரைவில் தனக்கும் வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். சமையலறையில் கேட்க என்றாள். எங்கள் சமையலறையில் இருந்தது பழைய ரேடியோ. அதில் பென்டிரைவைச் செருக ஓட்டையே கிடையாது. அதை நான் யோசிக்கவில்லை. சித்தியுடையதோடு மாறிவிடாமல் இருக்க நீல நூல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து, ஏரிக்கரையில் வண்டி நின்றிருந்தபோது சித்தியின் போன் அடித்தது. ஓடுகிற வண்டிக்குத்தானே போன் செய்யக் கூடாது. பச்சைப் புள்ளி நிற்கிற ஒரே இடத்தை அவர் கண்டுபிடித்திருந்தார்.

“எங்க வந்தாச்சு?”

“ஏன், திரையில தெரியலையா?”

“ஊரு தெரியுது. எழுத்து தெரியலை.”

இதைச் சொல்லிக்காட்டும்போது சித்தி அவர் குரலைப் பிடிக்கவில்லை. தன் குரலிலேயே சொன்னாள்.

எழுத்தே இல்லாத இடத்தில் நிற்பதாகவும் அதன் பெயர் ஔ என்றும் விளக்கினாள். அப்படியானால் வண்டி ஏன் அங்கே இவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவர் கேட்டார். கயிறு பார்க்க என்றாள். கயிறு பார்க்க அவ்வளவு நேரம் ஆகாதே என்றார். எங்கள் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

“பாடுவேன் சார். அந்த எழுத்துக்குப் பாட்டில்லையேன்னு, நானே எதையாவது.”

“இன்னைக்குப் பாடியாச்சா?”

“இல்ல.”

“அப்ப வெச்சுடறேன்” என்று போனை வைத்துவிட்டார்.

“எங்க, பாடுங்க கேப்போம்னு சொல்லலைக்கா” என்றாள் சித்தி. “வெச்சுட்டாரு.” அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அன்று தெருமுனையைத் தாண்டித் தொழிற்சாலைக்குத் திரும்பிய வண்டியிலிருந்து சிவப்பு பென்டிரைவ் எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது என்று பக்கத்து வீட்டம்மா சாட்சி சொன்னார்.

அதன்பின் தினமும் ஔவில் போன் வந்தது. பேசுவது கொஞ்சம்தான். பிறகு வைத்துவிடுவார், அவள் பாட. ஒரு நாள் அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது.

“ஒண்ணு கேக்கணும். வண்டியில ஏற மாட்டேன். பக்கத்து சீட்டு காலியாவே இருக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், எங்கெல்லாம் போயாச்சுன்னு கேக்கற ஆளா இருக்கலாமா?”

சித்திக்கு முதலில் தோன்றியது பதில் இல்லை, சந்தேகம். பக்கத்து சீட்டைப் பற்றி இவரிடம் தான் சொன்னதே இல்லையே. பின்னால் கண்ணாடி, முன்னால் நீண்ட ‘க’. அவசரத்தில் எதையும் செய்யக் கூடாத நாள்.

“‘வ’ வரட்டும் சார், சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்று ‘க’வில் கண்களும் கனவுகளும் என்ன பாடின என்று அவளுக்கு ஞாபகமில்லை. ஒரு தகடு மட்டும் பின்னால் முனகிக்கொண்டே வந்ததாம். ‘ச’வில் வேண்டாம் என்று முடிவு செய்தாளாம். இருக்கிற சந்தோஷம் போதாதா, இதை எதற்கு ஆட்டிப் பார்க்க வேண்டும்? சுரங்கத்துக்குள், சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்ததாம். வெளிச்சத்துக்கு வந்ததும் மறுபடி வேண்டாம். வீடு என்று ஒன்று இருந்து அதில் ஒருவர் காத்திருந்தால் வண்டியைச் சீக்கிரம் திருப்பத் தோன்றுமே, நிதானம் போய்விடுமே என்று ‘ந’ முழுக்க நிலாக்களோடு வாதாடிக்கொண்டே போனாள். சிரிக்காமல் அந்த இடத்தைத் தாண்டியது அன்றுதான். ‘ம’வில் நிஜமாகவே தூறல் போட்டது. வாசலில் காவலர் “யாரு?” என்றதற்கு, “தெரியலையே” என்று பதில் சொன்னாளாம்.

முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். ‘வ’ ஆரம்பித்திருந்தது. சரக்கு இறக்குகிறவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். சித்தி உள்ளங்கையைக் காட்டி இருக்கச் சொன்னாள். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று முடிந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டின் புல்லாங்குழல் எழும்பியபோது, அதற்காகவே காத்திருந்த மாதிரி போன் அடித்தது.

“‘வ’ வந்தாச்சா?”

சித்தி போனைப் பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். புல்லாங்குழல் முடிந்தது, பாடுகிறவர் மூச்சை இழுத்தார், முதல் சொல் வந்தது.

‘வா.’

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர் கேட்டார்:

“‘வாங்க’ன்னு ஆரம்பிக்கற பாட்டு ஒண்ணும் இல்லையா?”

“பாட்டுல மரியாதை எதிர்பாக்காதீங்க” என்றாள் சித்தி.

வெளியே நின்றவர்களில் ஒருவர், கண்ணாடிக்குப் பின்னால் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல், கதவைத் திறந்து தண்ணீர் நீட்டினாராம்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா முன்வரிசை நாற்காலியில், எதுவும் தெரியாதவள் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சித்தி இன்றைக்கும் தனியாகத்தான் போகிறாள்; பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பெட்டி போகிறது, இப்போது மறப்பதில்லை. சித்தப்பா இன்றைக்கும் அவளை வா என்றோ வாங்க என்றோ கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குளிச்சாச்சா, சாப்பிட்டாச்சா, எங்க வந்தாச்சு. அவள் வேண்டுமென்றே, “யாரைக் கேக்கறீங்க?” என்பாள். அவர் சுவரைப் பார்த்து, “பொதுவாத்தான்” என்பார்.

போன மாதம் அவர்கள் வீட்டில் அலமாரி நகர்த்தக் கைகொடுக்கப் போனேன். சித்தப்பாவின் சாவிக்கொத்தில் நீல நூல் கட்டிய பென்டிரைவ் தொங்கியது. என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, சித்தி மாடியில் இருக்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன் வராத அந்த நாட்களில் ஒரு காலை அம்மா பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, வண்டி எந்த எழுத்தில் நிற்கும் என்பதைச் சொல்லி, இதை மேசையில் வைத்து, பக்கத்து சீட்டில் மட்டும் உட்கார ஆசைப்படாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு வந்திருக்கிறாள். மறுநாளே அவர் அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகி, சித்தியின் புள்ளி வாசலை விட்டு நகர்ந்த நிமிடத்தில் முதல் பாட்டைத் தட்டிவிட்டிருக்கிறார். எழுத்து தெரியவில்லை என்று அவர் சொன்ன அன்று, அவர் மேசையில் சன்னமாக ‘ஓ’ முடிந்து, ‘க’ ஆரம்பித்திருந்தது.